பத்தடி பிளாஸ்டிக் படகை மீன்பிடிக்கு ஏற்றதாக்குவது எப்படி?

ஒன்டாரியோவின் ரைஸ் ஏரி, ஸ்கூகாக் ஏரி போன்ற ஆழம் குறைந்த நீர்நிலைகளில் தூண்டில் போட, இரண்டு பேர் உட்காரும் பத்தடி பிளாஸ்டிக் படகு தாராளமாகப் போதும். கியூபெக்கைச் சேர்ந்த பெலிக்கன் நிறுவனத்தின் ‘பாஸ் ரெய்டர்’ இந்த வகையில் பலரும் அறிந்த பெயர். அடியில் இரட்டை மிதவை, மேலே இரண்டு நாற்காலி, பின்னால் சிறு மோட்டார் மாட்ட ஒரு பலகை. கடையிலிருந்து வரும்போது ஏறக்குறைய இவ்வளவுதான். பேட்டரிக்கு நல்ல இடம், கோல்களை நிறுத்த வசதி, வழுக்காத தரை எல்லாவற்றையும் நாமே செய்துகொள்ள வேண்டும். ஒரு துளைப்பான், ஒரு ரம்பம், இரண்டு வார இறுதிகள் இருந்தால் முடிகிற வேலைதான்.

தொடங்கும் முன் இரண்டு விதிகளை மனதில் வையுங்கள்: துளைகள் குறைவாக இருக்கட்டும், எடை கீழே இருக்கட்டும்.

1. முதலில் எடைக் கணக்கு

படகில் ஒட்டியிருக்கும் தகட்டில் அது தாங்கும் அதிகபட்ச எடை போட்டிருக்கும். அதுதான் உங்கள் வரவு, மற்றதெல்லாம் செலவு. தகட்டில் 500 பவுண்டு என்று இருப்பதாக வைத்துக்கொள்வோம். இரண்டு பெரியவர்கள் 350, ஈய அமில பேட்டரி 60, மின் மோட்டார் 25, நங்கூரம், தூண்டில் பெட்டி, தண்ணீர் எல்லாம் சேர்த்து 35. மொத்தம் 470. மேம்பாட்டுக்கு மிஞ்சுவது 30 பவுண்டு. நாலடிக்கு இரண்டடி அளவில் 12 மில்லிமீட்டர் ஒட்டுப்பலகை ஒன்றே ஏறக்குறைய 12 பவுண்டு இருக்கும். இந்தக் கணக்கைத் தாளில் எழுதிய பிறகுதான் கடைக்குப் போக வேண்டும்.

எடையைக் குறைக்கச் சிறந்த வழி பேட்டரியை மாற்றுவது. 100 ஆம்பியர்-மணி ஈய அமில பேட்டரி 60 பவுண்டுக்கு மேலும் போகும். அதே அளவு லித்தியம் அயர்ன் பாஸ்பேட் பேட்டரி 25 பவுண்டு அளவில் வந்துவிடும். விலை அதிகம்தான், ஆனால் மிச்சமாகும் 35 பவுண்டில் வேறு பல வசதிகளைச் சேர்க்கலாம்.

2. பிளாஸ்டிக்கின் குணத்தைத் தெரிந்துகொள்ளுங்கள்

இந்தப் படகுகள் பாலிஎத்திலீனால் ஆனவை. இதன்மேல் எதுவும் லேசில் ஒட்டாது. பெயின்ட் உரிந்து வரும். எபாக்ஸியும் சிலிக்கோனும் பிடிப்பதுபோல் காட்டிச் சில வாரங்களில் கழன்றுவிடும். ஆகவே எதையும் பசையை மட்டும் நம்பிப் பொருத்தாதீர்கள்.

இரண்டாவது குணம், வெயிலில் விரிவது. வெப்பநிலை 30 டிகிரி மாறினால் ஒரு மீட்டர் நீளம் சுமார் 4 மில்லிமீட்டர் கூடிக் குறையும். நீளமான அலுமினியப் பட்டையை அசையாமல் முடுக்கினால் கோடையில் பிளாஸ்டிக் நெளியும், துளையைச் சுற்றி விரிசல் விழும். எனவே கால் அங்குல போல்ட்டுக்கு 5/16 அங்குலத் துளை போடுங்கள். துருப்பிடிக்காத எஃகு போல்ட், இரண்டு பக்கமும் அகலமான வாஷர், கழலாத நைலான் நட்டு, நீர் இறங்காமல் இருக்க வாஷருக்கு அடியில் பியூட்டில் டேப். இந்த நான்கும் சேர்ந்தால்தான் ஒரு துளை முழுமையாகும். மர ஸ்க்ரூ இங்கே உதவாது. ஆட்டத்தில் துளை பெரிதாகிக் கையோடு வந்துவிடும்.

அடியில் கை நுழையாத இடங்களில் ‘வெல் நட்’ பயன்படுத்தலாம். ரப்பர் உறைக்குள் பித்தளை மரை இருக்கும். போல்ட்டை முடுக்கும்போது ரப்பர் உள்ளே உப்பித் துளையை அடைத்துக்கொள்ளும். எதை வெட்டினாலும் மூலைகளை வளைவாக வெட்டுங்கள். கூர்மையான மூலையில்தான் விரிசல் தொடங்கும். நீர்மட்டத்துக்குக் கீழே ஒரு துளைகூட வேண்டாம்.

3. தரை

வெறும் பிளாஸ்டிக் தரை ஈரத்தில் வழுக்கும். ஈயக் குண்டு ஒன்று விழுந்தாலும் சத்தம் நீருக்குள் இறங்கி மீனைக் கலைக்கும். இரண்டுக்கும் மருந்து, ஒன்றோடொன்று கோத்துக்கொள்ளும் ஈவிஏ நுரைப் பாய். அட்டையில் தரையின் வடிவத்தை வெட்டி அளவு பார்த்துப் பாயை அதன்படி நறுக்கினால், பசையில்லாமலே இறுக்கமாக உட்காரும். கழுவவும் கழற்றவும் எளிது.

பெரிய பாஸ் படகுகளில் இருப்பதுபோல் உயரமான மேடை கட்டும் ஆசை பலருக்கும் வரும். பத்தடிப் படகில் அது வேண்டாம். நிற்கும் இடம் உயர உயரப் படகு ஒரு பக்கமாகச் சாய்வது எளிதாகிவிடும். பலகைதான் வேண்டுமென்றால் தரையோடு தரையாகப் போடுங்கள்; ஓரங்களுக்கும் சேர்த்து எபாக்ஸி பூசிய பிறகே படகில் வையுங்கள்.

4. பேட்டரியும் வயரும்

ஆளும் மோட்டாரும் பின்னால் இருக்க, பேட்டரியையும் அங்கேயே வைத்தால் அணியம் மேலே தூக்கிக்கொள்ளும். பேட்டரியை முன் இருக்கைக்கு அடியிலோ நடுவிலோ வையுங்கள். மூடியுள்ள பேட்டரிப் பெட்டியில் போட்டுப் பட்டையால் கட்டிவிடுங்கள். ஈய அமில பேட்டரி சார்ஜ் ஆகும்போது ஹைட்ரஜன் வெளியேறும் என்பதால், சார்ஜ் போடுவது காற்றோட்டமான இடத்தில்தான்.

30 பவுண்டு உந்துவிசை கொண்ட 12 வோல்ட் மோட்டார் முழு வேகத்தில் சுமார் 30 ஆம்பியர் இழுக்கும். அதற்கு 8 கேஜ் தடிமனில், வெள்ளீயம் பூசிய செம்பு வயர் நல்லது. பேட்டரியின் பாசிட்டிவ் முனைக்கு மிக அருகில் மோட்டார் தயாரிப்பாளர் சொல்லும் அளவில் ஒரு சர்க்யூட் பிரேக்கர் கட்டாயம். புரொப்பெல்லரில் களை சுற்றி மோட்டார் நின்றால் வயர் சூடேறும். பிரேக்கர் இல்லாத படகில் அதுவே தீயாகும்.

100 ஆம்பியர்-மணி ஈய அமில பேட்டரியில் பாதியைத்தான் பயன்படுத்த வேண்டும். அதற்குமேல் இறக்கினால் ஆயுள் குறையும். அப்படியானால் முழு வேகத்தில் ஒன்றரை மணி நேரம்தான் ஓடும். மெல்லப் போனால் அரை நாளுக்கும் தாங்கும். எதற்கும் துடுப்பு இல்லாமல் கரையை விட்டுப் புறப்படாதீர்கள்.

5. துளையே இல்லாத கோல் தாங்கி

ஒரு பால் கிரேட் வாங்குங்கள். ஒன்றரை அங்குல பிவிசி குழாயை ஓரடி நீளத் துண்டுகளாக நறுக்கி, மேல்முனையை உப்புத்தாளால் தேய்த்து, கிரேட்டின் பின்பக்கம் நான்கைப் பிளாஸ்டிக் கட்டுப்பட்டைகளால் கட்டுங்கள். கிரேட்டுக்குள் தூண்டில் பெட்டி, வெளியே நான்கு கோல்கள். இருக்கைக் கால்களோடு இழுவைக் கயிற்றால் இணைத்துவிட்டால் நகராது. வீட்டுக்கு வந்ததும் அப்படியே தூக்கிக்கொள்ளலாம்.

6. நங்கூரமும் மீன் காட்டியும்

இந்த அளவுப் படகுக்கு எட்டு முதல் பத்து பவுண்டு காளான் நங்கூரம் போதும். கயிற்றை எப்போதும் அணியத்தில் கட்டுங்கள். பின்பக்கம் கட்டினால் காற்றில் வரும் அலை, மோட்டார் இருக்கும் தாழ்ந்த பக்கமாக உள்ளே ஏறும்.

ஃபிஷ் ஃபைண்டரின் சென்சாருக்காக அடிப்பாகத்தைத் துளைக்க வேண்டாம். மின் மோட்டாரின் அடிப்பகுதியில் ஹோஸ் கிளாம்ப் போட்டுக் கட்டிவிடலாம். திரைக்குத் தனியாக 12 வோல்ட், 7 ஆம்பியர்-மணி பேட்டரி வைத்தால் மோட்டாரின் மின் இரைச்சல் படத்தைக் கெடுக்காது.

7. கரையோரச் சோதனை

எல்லாம் முடிந்ததும் இடுப்பளவு நீரில் படகை இறக்கி, முழுச் சாமான்களையும் ஏற்றுங்கள். இரண்டு பேரும் ஒரே பக்கம் சாய்ந்து பாருங்கள். எந்தப் பக்கம் தாழ்கிறதோ அங்கிருக்கும் எடையை மாற்றி வையுங்கள். அரை மணி கழித்து ஒவ்வொரு துளையின் அடியையும் கையால் தடவி ஈரம் இருக்கிறதா என்று பாருங்கள். வீட்டில் வைக்கும்போது நிழலில், நீளமான பலகைகள்மேல் வையுங்கள். இரண்டே முனைகளில் தாங்கவிட்டு வெயிலில் போட்டால் அடிப்பாகம் குழிந்துவிடும்.

கடைசியாகச் சட்டம். மின் மோட்டார் மாட்டினாலும் கனடாவில் அது மோட்டார் படகுதான். ஓட்டுபவரிடம் படகு இயக்குநர் அட்டை இருக்க வேண்டும். ஆளுக்கொரு லைஃப் ஜாக்கெட், 15 மீட்டர் மிதக்கும் கயிறு, விசில், நீர் இறைக்கும் வாளி ஆகியவையும் படகில் இருந்தாக வேண்டும். இவற்றின் எடையையும் முதல் கணக்கிலேயே எழுதிவிடுங்கள்.