மறையாத கை

படக்கதை என்றாலே சிறுவர் விளையாட்டு என்று ஒதுக்கிவிடும் வழக்கம் கற்றோரிடையே நெடுநாளாக உண்டு. காப்பியம் பயிலும் மாணவன் துப்பறியும் படக்கதையை ஆராயலாமா என்று கேட்பாரும் உளர். ஆராயலாம் என்பதே என் கருத்து. மக்கள் எதை விரும்பிப் படித்தனர், ஏன் விரும்பினர் என அறிவதும் இலக்கிய மாணவனின் கடமையே ஆகும். அதிலும், புகழ்பெற்ற வீரர்களின் பிற்காலக் கதைகளைக் காட்டிலும், அவர்கள் தோன்றிய முதல் ஆண்டுகளின் கதைகளே நமக்கு மிகுதியாகக் கற்பிக்கின்றன. இதற்குச் சான்றாக இரும்புக்கை மாயாவியை எடுத்துக்கொள்கிறேன்.

சிவகாசியில் சௌந்திரபாண்டியன் அவர்கள் 1972ஆம் ஆண்டில் முத்து காமிக்ஸைத் தொடங்கினார். அதன் முதல் வெளியீடே ‘இரும்புக்கை மாயாவி’. ஆனால் மாயாவி பிறந்த இடம் சிவகாசி அன்று. 1962ஆம் ஆண்டு அக்டோபரில், இங்கிலாந்தின் ‘வேலியண்ட்’ என்னும் சிறுவர் வார இதழில் அக்கதை தொடங்கிற்று. எழுதியவர் கென் புல்மர். வரைந்தவர் ஸ்பெயின் நாட்டு ஓவியர் ஹெசூஸ் பிளாஸ்கோ. பத்தாண்டு கழித்து அது தமிழ் பேசிற்று.

கதையின் கரு எளியது. லூயிஸ் கிராண்டேல் என்பவன் பேராசிரியர் பாரிஞ்சரின் ஆய்வுக்கூடத்து உதவியாளன். விபத்தொன்றில் வலக்கையை இழந்து, எஃகுக் கை பொருத்திக்கொண்டவன். மற்றொரு விபத்தில் மின்சாரம் அவன் உடலிற் பாய்கிறது. உடல் மறைகிறது, எஃகுக் கை மட்டும் மறையவில்லை. அன்று முதல், மின்சாரத்தைத் தொடும்போதெல்லாம் அவன் மாயாவி ஆகிறான். மின்னாற்றல் குறையக் குறைய மீண்டும் மனிதன் ஆகிறான்.

இனி, அந்த ஆற்றலைக் கொண்டு அவன் செய்தது என்ன? பின்னாளில் நிழற்படையின் உளவாளியாக உலகைக் காத்த அந்த மாயாவி, முதற்கதையில் குற்றவாளியாகவே நடமாடுகிறான்! நன்மை செய்யும் வீரன் என்னும் பட்டம் அவன் பிறவியிலேயே பெற்றதன்று, பின்னர் ஈட்டியது.

இது மாயாவிக்கு மட்டும் உரியதோ எனின், அன்று. அமெரிக்காவின் ‘டிடெக்டிவ் காமிக்ஸ்’ இதழில் 1939ஆம் ஆண்டு மே மாதம் பேட்மேன் தோன்றினார். பாப் கேன், பில் ஃபிங்கர் ஆகிய இருவரின் படைப்பு அவர். முதற்கதையில் அவர் விட்ட குத்தில் குற்றவாளி அமிலத் தொட்டியில் விழுந்து மாள்கிறான், அவர் இரங்கவில்லை. அவர் ஏன் முகமூடி அணிந்தார் என்னும் காரணமே அவ்வாண்டு நவம்பரில்தான் சொல்லப்படுகிறது. கொல்லாமை என்னும் விதி அதற்கும் பின்னர் வந்தது. முதலில் உருவம், பிறகு காரணம், அதன் பிறகே அறம் என்னும் வரிசையை முதல் ஆண்டுகளைப் படிப்பவன் மட்டுமே காண முடியும்.

மறைந்து வாழும் மனிதன் என்ற கற்பனையோ மிகப் பழையது. கிரேக்க அறிஞர் பிளேட்டோ தம் ‘குடியரசு’ நூலில், மாயமோதிரம் பெற்ற ஆட்டிடையன் ஒருவன் அரசனைக் கொன்று அரியணை ஏறிய கதையைச் சொல்கிறார். பார்ப்பார் இல்லாதபோதும் மனிதன் நேர்மையாக இருப்பானா என்பதே அங்கு எழும் வினா. 1897இல் எச். ஜி. வெல்ஸ் எழுதிய நாவலிலும் மறைந்த மனிதன் கொடியவனாகி அழிகிறான்.

மாயாவி கதை இவ்வரிசையில் ஒன்றைப் புதிதாகச் சேர்த்தது. அதுதான் மறையாத கை. ஓவியருக்கு அது தேவை. முழுதும் மறைந்தவனைக் கட்டத்தில் வரைவது எங்ஙனம்? வெறும் வெளியில் மிதந்து செல்லும் எஃகுக் கையைப் பிளாஸ்கோ கறுப்பு வெள்ளையில் வரைந்தபோது, அந்தத் தேவையே பொருளாக மாறிற்று. ஆள் மறையலாம், செயல் செய்யும் கை மறைவதில்லை. இதை ஒரு சொல்லும் சொல்லாமல் படமே சொல்லிவிடுகிறது. ஒரு படக்கதைக்கு இதைவிடப் பெருமை வேறென்ன வேண்டும்?

கதையின் கட்டுக்கோப்பையும் கவனிக்க வேண்டும். வாரத்துக்குச் சில பக்கங்களே கிடைத்தமையால், ஒவ்வொரு பகுதியின் முடிவிலும் ஓர் ஆபத்து வைக்கப்பட்டது. தமிழில் முழுக்கதையும் ஒரே நூலாக வந்தபோது அந்த ஆபத்துகள் அடுத்தடுத்து வந்து மோதின. நம்மவர் கீழே வைக்காமல் படித்ததற்கு இதுவும் ஒரு காரணம் என்பேன். பின்னாளில் மாயாவிக்குத் தனியுடை வந்தது. கைக்குள் கருவிகள் பல வந்தன. ஆற்றல் பெருகப் பெருக, தீமைக்கும் நன்மைக்கும் இடையே தடுமாறிய அந்தப் பழைய மனிதன் மங்கிப் போனான்.

நண்பர்களே, சூளூர்பேட்டை, சித்தூர், திருப்பதிப் பகுதிகளிலிருந்து வந்துள்ள நம்மிற் பலர் தெலுங்கு வழியில் கற்றவர்கள். வீட்டில் பேசிய தமிழுக்கு எழுத்தைத் தாமே தேடிக்கொண்டவர்கள். அத்தகையோருக்குப் படக்கதை நல்லாசான். சொல் விளங்காத இடத்தில் படம் கைகொடுக்கும். குமிழிக்குள் இருப்பதோ பேச்சுக்கு நெருங்கிய சிறு வாக்கியம்.

இங்கிலாந்தில் மாயாவியின் முதற்கதைகளை 2021இல் மீண்டும் நூலாக்கினர். நம் வீடுகளிலோ, மலிவுத் தாளில் அச்சான அந்த முதல் வெளியீடுகள் பழுப்பேறிப் பொடிந்து, பழைய தாளோடு எடைக்குப் போகின்றன. விடுமுறையில் ஊர் செல்லும் ஒவ்வொருவரும் பரணைத் துழாவிப் பாருங்கள். கிடைப்பதைக் கொண்டு வாருங்கள். நம் மன்றத்தின் அலமாரியில் ஒரு தட்டை அவற்றுக்கென ஒதுக்குவோம். ஆராய்ச்சி அங்கிருந்து தொடங்கட்டும்.