பிள்ளையோடு டிரையத்லான்: கடலுக்கு முன் குளம்

ஞாயிற்றுக்கிழமை காலை ஏழரை மணிக்குப் பாண்டிக் கடற்கரைச் சாலையில் வண்டிகளை விட ஆரம்பித்ததும், அங்கே ஓடி முடித்தவர்களில் ஒரு கூட்டம் பெரிய மார்க்கெட்டுக்கு வந்துவிடும். நேரு வீதிப் பக்கம் டீ, பிறகு உள்ளே மீனும் கீரையும். நான் உடற்கல்வி ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றவன். பழைய மாணவர்கள், இப்போது அப்பா அம்மா ஆனவர்கள், மார்க்கெட்டில் நிறுத்தி யோசனை கேட்பார்கள். முன்பெல்லாம் "கிரிக்கெட்டா, பேட்மிண்டனா சார்?" என்பதுதான் கேள்வி. இப்போது "குடும்பமா டிரையத்லான் பண்ணலாம்னு இருக்கோம் சார், பையனையும் சேர்த்துடலாமா?" என்கிறார்கள். பையனுக்கு ஏழு வயது. நீச்சல் தெரியுமா என்றால், "கத்துக்குவான் சார், இன்னும் மூணு மாசம் இருக்கே" என்று பதில் வருகிறது. பக்கத்து வீட்டுப் பிள்ளை மெடலோடு எடுத்த படம் போனில் வந்திருக்கும். அதைப் பார்த்து எடுத்த முடிவு அது.

நீச்சல், சைக்கிள், ஓட்டம், இந்த வரிசையில், நடுவில் கடிகாரம் நிற்காமல் முடிப்பதுதான் டிரையத்லான். பிரான்சில் 1920களிலேயே ‘மூன்று விளையாட்டு’ என்று இதைப்போல நடத்தியிருக்கிறார்கள். இன்றைய உருவம் 1974-ல் அமெரிக்காவின் சான் டியாகோவில் வந்தது. 2000-ல் சிட்னி ஒலிம்பிக்கில் சேர்ந்தபோது வைத்த தூரம் ஒன்றரை கிலோமீட்டர் நீச்சல், 40 சைக்கிள், 10 ஓட்டம். அதில் பாதி, ‘ஸ்பிரிண்ட்’. கோவா மிராமர் கடற்கரையில் 2019-ல் தொடங்கிய ‘பாதி அயர்ன்மேன்’ என்ற நெடுந்தூர டிரையத்லான் 1.9, 90, 21.1 கிலோமீட்டர். நம் ஊர்க் குடும்பங்களின் ஆசையைக் கிளப்பியது பெரும்பாலும் இந்தக் கோவாப் போட்டிதான். அதில் கலந்துகொள்ள 18 வயது ஆக வேண்டும். ஆகவே பிள்ளைக்கு வேறு வழிதான் பார்க்க வேண்டும்.

வெறும் ஓட்டம் அல்லது வெறும் சைக்கிள் என்ற வழிகளை விளக்கத் தேவையில்லை. கடற்கரைச் சாலை மாலை ஆறு மணியிலிருந்து காலை ஏழரை வரை வண்டி இல்லாமல் கிடக்கிறது. சிறு பிள்ளைகள் ஓடிப் பழக இதைவிட நல்ல இடம் வேறு ஊர்களுக்குக் கிடைக்காது. சைக்கிளில் ஒன்று மட்டும்: வளர்கிற பிள்ளைதானே என்று பெரிய சைக்கிளாக வாங்காதீர்கள். சீட்டில் உட்கார்ந்தபடி இரண்டு கால் விரல்களும் தரையில் படவேண்டும். கால் எட்டாத பிள்ளை பிரேக் பிடிக்கும்போது சாய்ந்து விழும்.

இரண்டை மட்டும் சேர்த்து ஓட்டம், சைக்கிள், மறுபடி ஓட்டம் என்று நடத்துவது டூயத்லான். நீச்சல் இன்னும் கைவராத வீட்டுக்கு இதுதான் சரியான முதல் படி. தண்ணீர் இல்லை என்பதால் பயமும் இல்லை. போட்டி எதுவும் தேவைப்படாமல் நாலு வீட்டுப் பிள்ளைகள் சேர்ந்தே நடத்திக்கொள்ளலாம்.

அடுத்தது ரிலே. ஒருவர் நீந்த, ஒருவர் சைக்கிள் ஓட்ட, ஒருவர் ஓட. எனக்குப் பிடித்தது இது, ஏனென்றால் இதில்தான் அம்மாவுக்கு ஓர் இடம் கிடைக்கிறது. மற்ற போட்டிகளில் அப்பா ஓடுவார், பிள்ளை ஓடும், அம்மா பையையும் துண்டையும் தண்ணீர் பாட்டிலையும் காவல் காத்து நிற்பார். அவருக்கும் உடம்பு இருக்கிறது, ஆசை இருக்கிறது. 2012 லண்டன் ஒலிம்பிக்கில் தங்கம் வாங்கிய சுவிட்சர்லாந்தின் நிகோலா ஸ்பிரிக், பிள்ளை பெற்ற பிறகு 2016 ரியோவில் வெள்ளி வாங்கினார். ரிலேயில் அம்மா சைக்கிளை எடுத்துக்கொள்ளட்டும், ஓட்டத்தைப் பிள்ளைக்கு விடுங்கள். வயது வரம்பைப் போட்டி நடத்துபவர்களிடம் முன்னதாகவே கேட்டுக்கொள்ளுங்கள்.

பிறகு, குளத்தில் நீந்தும் சிறுவர் டிரையத்லான். தூரம் சிறியது: குளத்தில் ஓரிரு நீளம், சில கிலோமீட்டர் சைக்கிள், ஒரு கிலோமீட்டர் ஓட்டம். பணம் கட்டுமுன் நேரில் போய்ப் பாருங்கள். குளத்தில் பிள்ளைக்கு நிலை கொள்ளுமா? கரையில் விசில் வைத்திருப்பவர் போதாது, தண்ணீருக்குள்ளேயே காவலர் நிற்கிறாரா? சைக்கிள் பாதை முழுக்க அடைத்திருக்கிறதா, அல்லது கூம்பு மட்டும் வைத்திருக்கிறார்களா? ஹெல்மெட் வாரை மாட்டிய பிறகுதான் சைக்கிளைத் தாங்கியிலிருந்து எடுக்கலாம் என்பது உலகம் முழுக்க உள்ள விதி. அதைப் பிள்ளைகளிடம் கண்டிப்பாகக் கேட்கிறவர்கள் மற்ற விஷயங்களிலும் ஒழுங்காக இருப்பார்கள்.

இனி, நான் வேண்டாம் என்று சொல்லும் வழி: சிறு பிள்ளையைக் கடலில் நீந்த வைக்கும் போட்டி, அதற்கென்றே அவசரமாகச் சேர்க்கும் பயிற்சி. இதற்குத்தான் இன்று மவுசு. குளத்துப் போட்டியைச் சிறுபிள்ளை விளையாட்டு என்கிறார்கள், கடலில் இறங்கினால்தான் உண்மையான டிரையத்லான் என்கிறார்கள்.

நம் கடலைக் கொஞ்சம் பாருங்கள். இந்தக் கரையோரம் வருடத்தில் பெரும்பகுதி மணல் தெற்கிலிருந்து வடக்கே நகர்கிறது. 1980களின் பிற்பகுதியில் அரியாங்குப்பம் ஆற்று முகத்தில் துறைமுகத் தடுப்புச் சுவர்கள் வந்தபின் அந்த மணல் தெற்கிலேயே தங்கிவிட, நகரத்துக்கு முன்னிருந்த மணற்கரை கரைந்துபோனது. அதற்குப் பதிலாகக் கருங்கல் கொட்டினார்கள். தேசியக் கடல் தொழில்நுட்பக் கழகம் 2018-ல் செயற்கைப் பாறைத்திட்டு அமைத்த பிறகு தலைமைச் செயலகத்துக்கு எதிரே மணல் திரும்பியது. மணலைப் பார்த்து மக்கள் இறங்குகிறார்கள். ஆனால் கல்லும் அலையும் திட்டும் சேர்ந்த இடத்தில் தண்ணீர் எந்த வழியாகத் திரும்பிப் போகும் என்பது கரையில் நிற்பவர் கண்ணுக்குத் தெரியாது. வைத்திக்குப்பத்து மீனவர் நீவாடு, அதாவது நீரோட்டம், எந்தப் பக்கம் ஓடுகிறது என்று பார்த்துவிட்டுத்தான் படகைத் தள்ளுவார். மூன்று மாதம் குளத்தில் கற்ற பிள்ளைக்கு அந்தக் கண் எங்கிருந்து வரும்?

கணக்காகவும் சொல்கிறேன். ஐம்பது மீட்டரை எண்பது நொடியில் நீந்தும் பிள்ளையின் வேகம் நொடிக்கு அறுபது சென்டிமீட்டர் சொச்சம். அது தெம்பான பிள்ளை. கரையிலிருந்து உள்ளே இழுக்கும் நீரோட்டம் சில நேரம் நொடிக்கு ஒரு மீட்டரையும் தாண்டும். எதிர்த்து நீந்தினால் கை ஓய்ந்துவிடும். கரைக்கு இணையாகப் பக்கவாட்டில் நீந்தி வெளியேற வேண்டும் என்பது பெரியவர்களுக்கே பதற்றத்தில் மறந்துபோகிறது. தண்ணீரின் சுத்தம் இன்னொன்று. 2024-ல் பாரிஸ் ஒலிம்பிக்கில், மழைக்குப் பிறகு சேன் நதியில் கிருமி கூடியது என்று ஆண்கள் டிரையத்லானையே ஒரு நாள் தள்ளிவைத்தார்கள். நம் வாய்க்கால்களும் மழை நாளில் கடலில்தான் சேர்கின்றன.

அப்பாக்களும் கவனிக்க வேண்டும். அமெரிக்காவில் 1985 முதல் 2016 வரையிலான டிரையத்லான்களில் இதயத் துடிப்பு நிற்றல், திடீர் மரணம், விபத்து மரணம் என 135 பேரின் நிலையை ஆராய்ந்தபோது, மூன்றில் இரண்டு பங்கு நீச்சல் பகுதியில் நடந்திருந்தது. சராசரி வயது 47. நாற்பது தாண்டியவர் இதயத்தைப் பரிசோதித்துக்கொண்டு இறங்குவது வீட்டுக்குச் செய்யும் கடமை.

"குற்றாலீஸ்வரன் பன்னிரண்டு வயசுல இங்கிலீஷ் கால்வாயைத் தாண்டலையா சார்?" என்று கேட்பார்கள். 1994-ல் தாண்டினார், நமக்கெல்லாம் பெருமை. கால்வாயை நீந்துபவருக்குப் பக்கத்தில் வழிகாட்டிப் படகு முழு நேரமும் வரும் என்பதையும், அதற்கு முன்னால் வருடக்கணக்கில் தண்ணீரிலேயே கிடந்தவர் அவர் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். இன்னொரு பெயரையும் நினைவில் வையுங்கள். 2006 மே மாதம், ஒடிசாவில் புதியா சிங் என்ற நாலு வயதுப் பையன் பூரியிலிருந்து புவனேஸ்வர் நோக்கி 65 கிலோமீட்டர் ஓட வைக்கப்பட்டான். வழியில் சுருண்டு விழுந்தான். நாடே கைதட்டிய பிறகுதான் அரசு தடுத்தது.

என் சாய்வையும் மறைக்கவில்லை. நான் பாகூர்ப் பக்கத்தில் பம்புசெட் கிணற்றில் நீந்தக் கற்றவன். இடுப்பில் சுரைக்குடுவை கட்டி மாமா இறக்கிவிட்டார். ஒரு கோடை முழுக்க மிதந்தேன், மறு கோடையில்தான் குடுவையை அவிழ்த்தார். அதனால் எனக்கு நீச்சல்தான் முதலில், மற்றவை பிறகு. ஓட்டமும் சைக்கிளும் பதினைந்து வயதிலும் வரும். தண்ணீர் பயம் அந்த வயதில் போவது கஷ்டம். இரண்டு கோடை குளத்தில் போகட்டும். நிற்காமல் இருநூறு மீட்டர், மல்லாந்து இரண்டு நிமிடம் மிதப்பு, காலை உதைத்து நின்ற இடத்தில் ஒரு நிமிடம். இவை வந்த பிறகு போட்டியைப் பற்றிப் பேசலாம்.

இவை சில பிள்ளைகளுக்கு எட்டு வயதில் வரும், சிலருக்குப் பன்னிரண்டில். ஒரே வீட்டில் அக்கா மீன் மாதிரி நீந்துவாள், தம்பி படித்துறையைவிட்டு இறங்க மாட்டான். ஆனால் சைக்கிளில் ஏறினால் அவனைப் பிடிக்க முடியாது. அவனைத் தம்பியாகவே இருக்க விடுங்கள். இது அவசரம் இல்லாத விளையாட்டு. டோக்கியோவில் பெர்முடாவுக்கு முதல் ஒலிம்பிக் தங்கம் வாங்கித்தந்த ஃப்ளோரா டஃபிக்கு அப்போது வயது 33. ஏழு வயதில் வெற்றி மேடை தேவையே இல்லை. பிள்ளை தானாகக் காலையில் எழுந்து ஷூ தேடுகிறதா என்று பாருங்கள். தேடினால் கூடப் போங்கள். தேடாவிட்டால் வேறு விளையாட்டு இருக்கிறது, வேறு வருடமும் இருக்கிறது.

பாண்டிக்கு ஏற்ற வருடக் கணக்கு இது: ஏப்ரல், மே மாதங்களில் வெயிலுக்கு முன் குளம். ஜூன் முதல் செப்டம்பர் வரை மாலையில் கடற்கரைச் சாலையில் ஓட்டம், வாரம் இரண்டு நாள் குளம். அக்டோபரிலிருந்து டிசம்பர் வரை வடகிழக்கு மழை, கடல் பக்கமே வேண்டாம், வீட்டில் கயிறு தாண்டினால் போதும். ஜனவரியில் சைக்கிளைத் துடைத்து எண்ணெய் விட்டு, விடியற்காலையில் ஓட்டிப் பழகட்டும். பிப்ரவரியில் ஆரோவில் மாரத்தான் வருகிறது, செம்மண் காட்டுப்பாதையில், பரிசு எதுவும் இல்லாமல். அப்பாவோ அம்மாவோ பத்து கிலோமீட்டரில் பெயர் கொடுங்கள், பிள்ளையையும் கூட்டிப்போங்கள்.