ஒரே போன் போதும், வகுப்பே விளையாடும்!

மாணவர்களிடம் போன் இல்லாவிட்டாலும் வினாடி வினா நடத்தலாம். ஆசிரியரின் போனில் ‘பிளிக்கர்ஸ்’ செயலி இருந்தால் போதும். அதற்கான அட்டைகளை அச்சிட்டு ஆளுக்கொன்று கொடுங்கள். அட்டையை எந்தப் பக்கம் திருப்பிப் பிடிக்கிறார்களோ அதுவே விடை. கேமராவைச் சுற்றிக் காட்டினால் எல்லாம் பதிவாகிவிடும். பளபளக்கும் லேமினேஷன் மட்டும் வேண்டாம், வெளிச்சம் பட்டுக் கேமரா திணறும்.

லகர, ளகரப் பயிற்சிக்கு இது அருமை: நீங்கள் ‘பள்ளி’ அல்லது ‘பல்லி’ என்று உச்சரிக்க, கேட்ட சொல்லை அவர்கள் காட்டட்டும். பாதிப் பேர் தவறினால் அடுத்த கேள்விக்குத் தாவாதீர்கள். பக்கத்திலிருப்பவரோடு பேசவிட்டு மறுபடி கேளுங்கள்.

மாணவர்களிடமும் போன் இருந்து, ‘கஹூட்’ என்ற வினாடி வினாச் செயலியில் விளையாட வைப்போர் கேள்விக்கான நேரத்தைக் கூட்டி வையுங்கள். வேகத்துக்குத்தான் புள்ளி என்றால், எழுத்துக்கூட்டிப் படிக்கும் பிள்ளை வாசிக்காமலே எதையாவது அழுத்திவிடும்.