மஞ்சள் விளக்கும் ஆக்ஸிஜன் சென்ஸாரும்

நம் உறுப்பினர்களில் பலர் மொத்தக் கடையிலிருந்து சரக்கு ஏற்றி வரவும், வீடுகளுக்கு மளிகை அனுப்பவும் சொந்தமாகப் பெட்ரோல் வேன் வைத்திருக்கிறார்கள். அந்த வண்டியின் மீட்டர் பலகையில், என்ஜின் படம் போட்ட மஞ்சள் விளக்கு ஒரு நாள் எரியத் தொடங்கும். வண்டியோ ஓடிக்கொண்டுதான் இருக்கும். எனவே நாமும் விட்டுவிடுகிறோம். நானும் அப்படி இரண்டு மாதம் விட்டுவிட்டு, பெட்ரோலுக்கும் பழுதுக்கும் சேர்த்துத் தண்டம் கட்டியவன். அந்த விளக்கு எரிவதற்கு அடிக்கடி காரணமாகும் ஒரு சிறு கருவியைப் பற்றி வணிகப் பெருமக்கள் அறிந்திருப்பது நல்லது.

அதன் பெயர் ஆக்ஸிஜன் சென்ஸார். ஸ்பார்க் பிளக் போன்ற உருவம். என்ஜினிலிருந்து புகை வெளியேறும் குழாயில் திருகப்பட்டிருக்கும். 2020 ஏப்ரல் முதல் பாரத் ஸ்டேஜ் 6 விதி வந்தபின், பெரும்பாலான ஸ்கூட்டர், மோட்டார் சைக்கிள்களிலும் இது இடம் பிடித்துவிட்டது.

ஒரு கிலோ பெட்ரோல் மிச்சமின்றி எரிய 14.7 கிலோ காற்று வேண்டும். நாம் வாங்கும் அளவில் சொன்னால், ஒரு லிட்டர் பெட்ரோலுக்கு ஏறத்தாழ 9,000 லிட்டர் காற்று! எத்தனால் கலந்த பெட்ரோலுக்குக் காற்று சற்றுக் குறைவாகப் போதும். பெட்ரோல் கூடினால் கரும்புகையும் வீண் செலவும். காற்று கூடினால் இழுவை குறையும். கார்புரேட்டர் காலத்தில் மெக்கானிக் காதால் கேட்டு, ஸ்க்ரூவைத் திருகி இந்த அளவை வைத்தார். இப்போது வண்டியிலுள்ள கம்ப்யூட்டர் வைக்கிறது. ஆனால் வைத்த அளவு சரிதானா என்று அதற்கு எப்படித் தெரியும்?

கடையில் வரவும் விற்பனையும் ஒழுங்காக எழுதினாலும், இரவில் இருப்பை எண்ணிப் பார்த்தால்தானே கணக்கு நிற்கும்? ஆக்ஸிஜன் சென்ஸார் இருப்பு எண்ணும் ஆள். எரிந்து முடிந்த புகையில் எவ்வளவு ஆக்ஸிஜன் மீதி இருக்கிறது என்று பார்த்துச் சொல்வதே அதன் வேலை. மீதி அதிகம் என்றால் பெட்ரோல் போதவில்லை என்று பொருள். மீதியே இல்லை என்றால் பெட்ரோல் அதிகம். கம்ப்யூட்டர் அதற்கேற்பக் கூட்டும், குறைக்கும்.

எண்ணும் விதம் சுவையானது. சென்ஸாரின் முனையில், பல் மருத்துவர்கள் பல் கட்டப் பயன்படுத்தும் அதே சிர்கோனியா என்ற பீங்கான், விரல் நுனி போன்ற குப்பியாக இருக்கிறது. அதன் இருபுறமும் பிளாட்டினம் பூச்சு. வெளிப்புறத்தில் புகை படும்; உட்புறத்தில் சாதாரணக் காற்று நிற்கும். சுமார் 300 டிகிரிக்கு மேல் சூடானதும், ஆக்ஸிஜன் அதிகமுள்ள பக்கத்திலிருந்து குறைந்த பக்கத்துக்குப் பீங்கான் வழியே நகர முயல்கிறது. அந்த நகர்வில் சிறிது மின்சாரம் பிறக்கிறது. பெட்ரோல் அதிகமானால் 0.9 வோல்ட் அளவு, காற்று அதிகமானால் 0.1 வோல்ட் அளவு. இந்த இரண்டுக்கும் இடையே அது ஓயாமல் மாறிக்கொண்டே இருக்கும். மாறாமல் ஒரே இடத்தில் நின்றால் ஏதோ கோளாறு. (சில புதிய வண்டிகளில் உள்ள சென்ஸார் இன்னும் நுணுக்கமாக அளக்கும், அது வேறு வகை.) இதற்கு அடிப்படையான மின்வேதியியல் சமன்பாட்டை ஜெர்மன் விஞ்ஞானி நெர்ன்ஸ்ட் 1889-லேயே எழுதிவிட்டார். காரில் வந்ததோ 1976-ல். பாஷ் நிறுவனம் செய்ததை வால்வோ பொருத்தியது.

சூடேறும்வரை இந்த ஆள் வேலைக்கு வருவதில்லை. அதுவரை கம்ப்யூட்டர் பழைய உத்தேசக் கணக்கில் பெட்ரோலைத் தாராளமாகவே விடும். சீக்கிரம் சூடேற்றச் சென்ஸாருக்குள்ளேயே ஒரு ஹீட்டர் உண்டு. அது கருகினாலும் மஞ்சள் விளக்கு எரியும். இரண்டு தெரு தள்ளி டெலிவரி கொடுத்துவிட்டு வண்டியை ஆறப்போடுகிற நமக்கு, நெடுஞ்சாலையில் ஓடுபவருக்குக் கிடைக்கும் மைலேஜ் கிடைக்காததற்கு இதுவும் ஒரு காரணம்.

இனி என் தண்டக் கதை. விளக்கு எரிந்தது, மைலேஜும் குறைந்தது. ஒர்க்ஷாப்பில் புதுச் சென்ஸார் மாட்டினார்கள். பத்தே நாளில் விளக்கு மறுபடி எரிந்தது. பிறகு வேறொரு மெக்கானிக் பார்த்துச் சொன்னார்: சென்ஸாருக்கு முன்னால், குழாய் என்ஜினோடு சேரும் இடத்தில் கேஸ்கட் போயிருந்தது. அந்த இடுக்கு வழியே வெளிக்காற்று உள்ளே இழுக்கப்பட, சென்ஸார் "ஆக்ஸிஜன் மீதி" என்று சொல்ல, கம்ப்யூட்டர் பெட்ரோலைக் கூட்டிக்கொண்டே போயிருக்கிறது. மின்னணுத் தராசின் தட்டில் மின்விசிறிக் காற்று பட்டால் எடை ஆடுமே, அது போலத்தான். தராசை மாற்றி என்ன பயன்? ஸ்பார்க் பிளக் சரியாக வெடிக்காவிட்டாலும் இதே கூத்துதான். எரியாத பெட்ரோலும் எரியாத ஆக்ஸிஜனும் சேர்ந்தே வெளியே வரும். சென்ஸாருக்கு ஆக்ஸிஜன் மட்டுமே கண்ணில் படும். இன்னும் பெட்ரோல் வேண்டும் என்று சொல்லிவிடும்.

அப்படி எரியாமல் போகும் பெட்ரோல், புகைக்குழாயில் உள்ள கேட்டலிடிக் கன்வர்ட்டருக்குள் போய் எரிகிறது. பிளாட்டினம், பல்லேடியம், ரோடியம் கலந்த பகுதி அது. சூடு எல்லை மீறினால் உள்ளே உருகிவிடும். சென்ஸாரைப் போலப் பல மடங்கு விலை. பல கார்களிலும் வேன்களிலும் கன்வர்ட்டருக்குப் பின்னால் இரண்டாவது சென்ஸார் ஒன்று உண்டு. கன்வர்ட்டர் நன்றாக இருந்தால் அதன் வோல்ட் அதிகம் ஆடாது; முன்னவர் ஆடுகிறபடியே பின்னவரும் ஆடினால் கன்வர்ட்டர் போய்விட்டது என்று அர்த்தம்.

சென்ஸாரே கெடுவதும் உண்டு. என்ஜின் ஆயில் எரிந்து வந்தாலும், ரேடியேட்டர் கூலன்ட் கசிந்து வந்தாலும், பொருத்தமில்லாத சிலிக்கான் பசையால் இணைப்புகளை ஒட்டினாலும் அதன் முனை கெடும். மண்ணெண்ணெய் கலந்த பெட்ரோல் கரி படியவைக்கும். ஈயம் இதற்குப் பரம எதிரி. இந்தியாவில் 2000 பிப்ரவரியோடு ஈயம் கலந்த பெட்ரோல் நின்றுபோனதால் அந்தக் கவலை இல்லை.

விளக்கை அணைக்கச் சென்ஸார் ஒயரைக் கழற்றிவிடச் சொல்லும் ஆட்களும் இருக்கிறார்கள். விளக்கு அணையாது, கம்ப்யூட்டர் கண்ணைக் கட்டிக்கொண்டு பெட்ரோல் விடும்.

ஆகவே விளக்கு எரிந்தால், ஸ்கேனர் வைத்திருக்கும் ஒர்க்ஷாப்பில் முதலில் கோடு எண்ணைப் படிக்கச் சொல்லி, அதைச் சீட்டில் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். பி0171 என்று வந்தால் கலவையில் பெட்ரோல் குறைவு என்று பொருள். அதற்குச் சென்ஸாரையே மாற்ற வேண்டும் என்பதில்லை. காற்றுக் கசிவு, பெட்ரோல் பம்ப், ஃபில்டர், இன்ஜெக்டர் இவற்றைப் பார்த்தீர்களா என்று கேளுங்கள். பி0420 என்றால் சந்தேகம் கன்வர்ட்டர் மேல். விளக்கு நிலையாக எரியாமல் விட்டுவிட்டு மின்னினால் பிளக் வெடிக்காத கோளாறு கடுமையாக இருக்கிறது. சரக்கு பாதி வழியில் நின்றாலும் பரவாயில்லை, வண்டியை ஓரம் கட்டிவிட வேண்டும்.