லயத்தில் கேட்டு எழுதுங்கள்

இலங்கை மலையகத்தில் நோட்டன் பிரிட்ஜைச் சுற்றியுள்ள தேயிலைத் தோட்டங்களில் வாய்மொழி வரலாறு சேகரிக்க வரும் மாணவர்களிடம் நான் முதலில் சொல்வது இதுதான்: தோட்டத்தை நிர்வகிக்கும் தொரை தரும் அனுமதி தோட்டத்துக்குள் நுழைய மட்டுமே. பேசுவதற்கான அனுமதியைத் தொழிலாளர் குடியிருக்கும் லயத்தில் கேட்க வேண்டும். ஆபீஸ் வாகனத்தில் வந்து இறங்கினால் சம்பளத்தைப் பற்றி ஒரு பதில் கிடைக்கும். நடந்து வந்து வீட்டு முன் திண்ணையான இஸ்தோப்பில் உட்கார்ந்தால் வேறு பதில்.

சம்மதப் படிவத்தை எடுத்தவுடன் நீட்டாதீர்கள். 1948ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டம் இந்தத் தோட்ட மக்களில் பெரும்பாலோரை நாடற்றவர்களாக்கியது. 1964இல் இலங்கைப் பிரதமர் சிறிமாவோவும் இந்தியப் பிரதமர் சாஸ்திரியும் 525,000 பேர் இந்தியாவுக்கு, 300,000 பேர் இலங்கைக்கு என்று பிரித்துக்கொண்டபோது இவர்களை யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. காகிதத்தைக் கண்டால் பெரியவர்கள் தயங்குவது இயல்பு. நான் வந்த காரியத்தை வாயால் விளக்கிவிட்டு, சம்மதத்தையும் குரலாகவே பதிவுசெய்கிறேன். வேண்டாமென்றால் அழிப்பது எப்படி என்று வீட்டுப் பிள்ளைகளுக்குக் காட்டிவிடுகிறேன்.

கொழுந்து மலையில் பறிக்கும் பெண்ணின் பின்னாலேயே போய்ப் பேட்டி எடுக்கவே கூடாது. கிலோ குறைந்தால் அரைப்பேர்தான், அதாவது அரைநாள் கூலிதான், விழும். நம் ஆய்வுக்கு அவள் கூலி கொடுத்ததாகிவிடும். கொழுந்து நிறுத்து, தண்ணி பிடித்து, சோறாக்கி முடிந்த பிறகு போங்கள். காமன் கூத்துப் பாடல்களுக்கு மாசிவரை பொறுங்கள். விரதமிருந்து பாடுவதை, நமக்கு லீவு கிடைத்த மாதத்தில் பாடச் சொல்வது முறையல்ல.

தென்னாப்பிரிக்காவின் சான் மக்கள் 2017இல் ஆய்வாளர்களுக்கான நெறிக்கோவையைத் தாங்களே வகுத்து வெளியிட்டார்கள். மலையகத்துக்கும் அப்படியொன்று வர வேண்டும் என்பது என் நெடுநாள் ஆசை. அதுவரை, எழுதியதை அச்சுக்கு முன் லயத்திலேயே வாசித்துக் காட்டுங்கள்.

அப்படி வாசித்தபோது ஒரு பாட்டி நிறுத்தினார். “தம்பி, அக்கா கப்பலேறுனத எழுதுங்க. அன்னைக்கு அப்பா அவள சொன்ன சொல்ல எழுதாதீங்க. அவ மக்கமாரு கோத்தகிரியில இருக்காங்க, படிப்பாங்க.” கட்டுரையின் கனமே அந்தச் சொல்லில்தான் இருந்தது. எடுத்துவிட்டேன்.

அதே வாசிப்பில் கூத்து வாத்தியார் கேட்டது நேர்மாறானது: “எம் பேரு எங்க?” பெயரை மறைப்பதே அறம் என்று பல்கலைக்கழகத்தில் சொல்லிக்கொடுக்கிறார்கள். பாட்டியின் கதைக்கு அது சரி. பாட்டைக் கட்டிக் காத்தவருக்கு அது அநியாயம். அவர் பெயரையும், அவருக்குச் சொல்லிக்கொடுத்தவர் பெயரையும் கட்டுரைத் தலைப்புக்குக் கீழே சேர்த்தோம்.