ஒரு சொட்டு எண்ணெய்

பெங்களூர் நீலசந்திராவில் ஒரு சிறிய மெக்கானிக் கடை. அங்கே மேஸ்திரி ஒரு பந்தய பைக்கைத் தயார் செய்கிறார். ஞாயிற்றுக்கிழமை பந்தயம். வேலை பழகும் தம்பி எஞ்சினுக்கு அடியில் குனிந்து பார்த்தான்.

"அண்ணே, ஒரு சொட்டு எண்ணெய்தான் கசியுது. துடைச்சு விட்டா போதாதா?"

"போதாது தம்பி. நம்ம வண்டி கசிஞ்சா, பின்னால வர்றவன் விழுவான். அவனுக்கும் வீட்டில் அம்மா காத்திருப்பாங்க."

தம்பி பேசாமல் நின்றான்.

மேஸ்திரி சொன்னது உண்மை. பந்தய வண்டி வளைவில் சாய்ந்து ஓடும். அப்போது டயரில் உள்ளங்கை அளவு இடம்தான் தரையைத் தொடும். அந்த இடத்தில் எண்ணெய் பட்டால் பிடி போய்விடும். வண்டி சறுக்கிவிடும். முன்னால் போகிறவருக்குத் தன் வண்டி கசிவது தெரியாது. பின்னால் வருகிறவருக்கு எண்ணெய் கண்ணில் படாது.

சென்னைக்கு அருகே சோழவரத்தில் பல ஆண்டுகள் பந்தயம் நடந்தது. அது போர்க்கால விமான ஓடுதளம். பிறகு 1990இல் இருங்காட்டுக்கோட்டையில் பந்தயப் பாதை திறந்தார்கள். அது பெங்களூர் நெடுஞ்சாலையில், ஸ்ரீபெரும்புதூருக்கு அருகே உள்ளது.

பந்தயப் பாதையில் எண்ணெய் சிந்தினால் கொடி காட்டுவார்கள். அது மஞ்சள் கொடி. அதில் சிவப்புக் கோடுகள் இருக்கும். "தரை வழுக்கும், கவனம்" என்பது அதன் பொருள். ஆனால் கொடி காட்டும் முன்பே ஒருவர் விழுந்துவிடலாம். ஆகவே கடையிலேயே கசிவைத் தடுக்க வேண்டும்.

எப்படித் தடுப்பது?

1. எண்ணெய் மாற்றும்போது ட்ரெயின் போல்ட்டின் வாஷரையும் மாற்றுங்கள். பழைய வாஷர் நசுங்கி இருக்கும். அதன் வழியாக எண்ணெய் கசியும்.

2. போல்ட்டின் தலையில் சிறு துளை போடுங்கள். மெல்லிய எஃகுக் கம்பியை நுழைத்து முறுக்கிக் கட்டுங்கள். எஞ்சின் அதிரும்போது போல்ட் தளரப் பார்க்கும். கம்பி அதை இறுகும் பக்கமாகவே இழுக்க வேண்டும். மாற்றிக் கட்டினால் பயன் இல்லை. எண்ணெய் ஊற்றும் மூடி, ஆயில் ஃபில்டர் ஆகியவற்றுக்கும் கம்பி கட்டுங்கள்.

3. எண்ணெயை அளவாக ஊற்றுங்கள். அதிகம் ஊற்றினால் காற்றுக் குழாய் வழியாக வெளியே தள்ளும். அந்தக் குழாயின் முனையை ஒரு டப்பாவில் விடுங்கள்.

4. எஞ்சினுக்கு அடியில் தட்டு பொருத்துங்கள். எஞ்சினில் உள்ள எண்ணெய், குளிர்நீர் இரண்டையும் கூட்டிப் பாருங்கள். அதில் பாதியையாவது தட்டு தாங்க வேண்டும். தட்டின் துளையை மூடி வையுங்கள். மழைப் பந்தயத்தில் மட்டும் திறக்க வேண்டும்.

5. ரேடியேட்டரில் வெறும் தண்ணீர் ஊற்றுங்கள். சாலை வண்டிக்கான கூலண்ட் தரையில் சிந்தினால் அதுவும் வழுக்கும்.

6. கடைசியில் எஞ்சினைத் துடையுங்கள். அடியில் வெள்ளைக் காகிதம் விரியுங்கள். எஞ்சினை ஓடவிட்டுச் சூடாக்குங்கள். பிறகு காகிதத்தைப் பாருங்கள். கறை இருந்தால் வண்டி தயார் இல்லை.

சில வெளிநாடுகளில் பைக்கின் பக்கத்தில் மூன்றாவது சக்கரம் வைத்துப் பந்தயம் விடுவார்கள். அதில் இரண்டாவது ஆள் தரையை ஒட்டிச் சாய்வார். அங்கே எண்ணெய் சிந்தினால் இரண்டு உயிருக்கு ஆபத்து.

தம்பி போல்ட்டைக் கழற்றினான். வாஷர் நசுங்கி இருந்தது. புது வாஷர் போட்டான். கம்பி கட்டினான். காகிதம் விரித்தான். இருவரும் காத்திருந்தார்கள். காகிதம் வெள்ளையாகவே இருந்தது.

"இப்ப வண்டியை ஏத்து தம்பி," என்றார் மேஸ்திரி.

நம் தெருவுக்கும் இது பொருந்தும். சாலையில் எண்ணெய் சிந்தினால் மண் அல்லது மரத்தூள் தூவுங்கள். முதல் மழையில் சாலை அதிகம் வழுக்கும். மெதுவாகச் செல்லுங்கள்.

பதில் சொல்லுங்கள்

1. எண்ணெய் சிந்தியதைக் காட்டும் கொடி எப்படி இருக்கும்?
2. போல்ட்டுக்கு ஏன் கம்பி கட்ட வேண்டும்?
3. உங்கள் வண்டியின் அடியில் காகிதம் விரித்துப் பாருங்கள். என்ன கண்டீர்கள்? இரண்டு வரி எழுதுங்கள்.