புதுப் பெயின்டும் பழைய பழுதும்

பாவித்த மின்பொருள் வாங்கி விற்போருக்காக இதை எழுதுகிறேன். 1950இல் இங்கிலாந்தில் அறிமுகமான கென்வூட் ஷெப் கேக் மெசின்களில் பழையவை இன்றும் திருத்தக் கூடியவை. நான் பார்த்தவரையில் முதலில் கெடுவது மோட்டாருடன் இணைந்த கெபாசிட்டர்தான். புகை வரும், வேகம் கட்டுப்படாது. பிளக்கைக் கழற்றிய பின்பே திறந்து அதை மாற்றுங்கள். காய்ந்த கிறீஸைத் துடைத்துப் புதிது பூசுங்கள். உடல் உலோகம் என்பதால் வயரையும் ஏர்த்தையும் கட்டாயம் சோதியுங்கள். இதில் கவனக்குறைவு உயிரைப் பறிக்கும். பெயின்ட் கடைசி வேலை.

வெறுமனே ஓடவிட்டுக் காட்டாமல், மாவு போட்டுப் பிசைந்து காட்டுங்கள். மாற்றியது எது, பழையது எது என்று பில்லில் எழுதிக் கொடுங்கள். ஈரத் தானியத்தை அடியில் வைத்து விற்ற வியாபாரியை நபி (ஸல்) அவர்கள் கண்டித்தார்கள். பெயின்டுக்குள் பழுதை மறைப்பதும் அதுவே. குறையைச் சொல்லி விற்பதில்தான் பரக்கத் உண்டு.